கூப்பிடு தூரம்

அங்கே இரவு பத்து. வெயில் இன்னும் இறங்கவில்லையாம்.
இங்கே ஒன்றரை.
மந்திகை ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே அறை வாசல்,
வாங்கில் இருந்து
தம்பி அனுப்பிய அட்டவணையைப் பெருப்பித்துப் பார்க்கிறேன்.

வேட்டைச் சோதனை பாஸ்.
துவக்கு வாங்கப் பத்திரமும் வந்துவிட்டது.
இனி ஒன்றுதான் மிச்சம்:
ஆறு தசம் ஐந்தா, முந்நூற்றெட்டா.
"நீ பிசிக்ஸ் படிச்சனி அக்கா. சொல்லு."

மீன் தொழிற்சாலையில் அவனோடு நிற்கும் ஓட்வார்
முந்நூற்றெட்டுக்காரன்.
தகப்பன் சுட்டதும் அதுதான்.
எந்தப் பட்டிக்காட்டுக் கடையிலும் சன்னம் கிடைக்கும்,
எல்க் விழுந்தால் எழும்பாது.
(எல்க், நம் மரைக்குப் பெரியப்பா முறை.)

தம்பிக்கு மற்றதில் ஆசை.
ஒல்லிச் சன்னம், நீள மூக்கு.
ஞாயிறு இலக்குப் பலகைக்கும்
செப்டெம்பர் கலைமானுக்கும் ஒரே துவக்கு.
அறுநூறு மீற்றரில், பக்கக் காற்றில்,
முந்நூற்றெட்டு இரண்டு முழம் ஒதுங்கினால்
இது ஒன்றரை.
முழம் என் கணக்கு. அவன் சென்ரிமீற்றரில் தந்தான்.

"என்ன காற்று?" என்றேன்.
"பக்கக் காற்று."
தும்பளையில் வள்ளம் தள்ளுகிறவனிடம் இப்படிச் சொன்னால்
சிரிப்பான்.
சோளகமா, கச்சானா, வாடையா?
பெயர் இல்லாத காற்றுக்கு எப்படி முழம் போடுவது?

எனக்குக் கலிபர் தெரியும், மறுமுனையிலிருந்து.
துவக்கு பிடித்ததில்லை.
சன்னம் வந்து நின்ற இடத்தைப் படம் எடுக்கிறேன்.
முந்நூற்றெட்டு என்று அவன் சொல்வது அங்குலக் கணக்கு.
அந்தத் தடிப்புக்கு எங்கள் ஊரில்
ஏழு தசம் ஆறு இரண்டு.

செவ்வாய்க்கிழமை, அல்வாயிலிருந்து பவளராணி.
கிணற்றடியில் வழுக்கி இடுப்பு.
எலும்புக்கு ஒன்றுமில்லை.
பக்கத்தில், வெள்ளையாய், ஒரு கூர்.
"இது எப்ப?"
"எண்பத்தேழு," தடுப்பூசித் திகதி சொல்வதுபோல.
"சுட்ட ஆளை நான் காணேல்லைப் பிள்ளை.
சத்தமும் பிறகுதான் வந்தது."

படத்தில் எல்லாம் கொஞ்சம் பெருத்துத் தெரியும்.
பக்கத்தில் இரண்டு ரூபாய்க் குத்தி வைத்து எடுத்தால்
சரியான தடிப்பைக் கணக்கிடலாம்.
வைக்கவில்லை.
டொக்டர் கேட்டது இடுப்பை.

கூப்பிடு தூரம் என்று எங்களிடம் ஓர் அளவு இருந்தது.
கூப்பிட்டால் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.
அறுநூறு மீற்றர் அதற்கு அங்கால்.
மான் காதசைப்பது கண்ணாடிக்குள் தெரியும்.
நீ இருமினாலும் அதற்குக் கேளாது.

இதொன்றும் நான் எழுதவில்லை.
எழுதியது:
"எந்தத் தோளில வைப்பாய்?"
எழுதுகிறான், அழிக்கிறான், எழுதுகிறான் என்று
திரை காட்டிக்கொண்டிருந்தது.
"வலது."

வலது தோளில், காறையெலும்புக்கு இரண்டு விரல் கீழே,
பச்சையரிசி அளவில் ஒரு ஷெல் சில்லு.
பயிற்சிக் காலத்தில்
பெயர் பதியாமல் நான் எடுத்த படம் அது.
அங்கத்தைய டொக்டருக்கு அவன் சொல்லவே இல்லை.

"முந்நூற்றெட்டு உதைக்கும்.
ஆறு தசம் ஐந்தை எடு.
பிடிக்குத் தடித்த இறப்பர் போடு.
முந்நூறு மீற்றருக்கு அங்கால
பலகையை மட்டும் சுடு."

"காத்துக்காகவா அக்கா?"

"ஓம். காத்துக்கு."

தள்ளுவண்டிச் சத்தம்.
கொடிகாமத்துப் பெடியன், மோட்டார் சைக்கிள், கணுக்கால்.
ஈய அங்கியை மாட்டிக்கொண்டு
கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்று
"மூச்சைப் பிடியும்" என்றேன், பழக்கத்தில்.
கணுக்காலுக்கு அது தேவையில்லை.
பெடியன் பிடித்தான்.
அழுத்தினேன்.